எழுபது கிலோமீட்டர் தொலைவில் ஒரு கவிஞர்



இம்மாதம் ஓர் ஒப்புதலோடு இப்பகுதியைத் தொடங்குகின்றேன். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியையும் நான்கு பேரக் குழந்தைகளுக்கு நன்னியுமாகிய நான், வாழ்க்கையில் முதன்முறையாகத் தன்னந்தனியே ஒரு பகல் முழுவதும் ஊர் சுற்றி வந்தேன். மருத்துவமனைக்கு அன்று, மவுத்தான வீட்டுக்கு அன்று, நிக்காஹ் வைபவத்துக்கும் அன்று. ஒரு புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு, அதை எழுதியவர் வாழ்ந்த மண்ணைப் பார்த்து வருவதற்காக மட்டும் சென்றேன்.

இந்த எண்ணத்தை விதைத்தவள் என் மூத்த பேத்தி. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேற்படிப்புப் படிக்கின்றாள். ஒரு விடுமுறை நாளில் அவள் மட்டும் கிளம்பி, ஹாவொர்த் என்னும் சிற்றூருக்குச் சென்றிருக்கின்றாள். சார்லட், எமிலி, ஆன் என்ற பிரான்டி சகோதரிகள் மூவரும் வாழ்ந்த ஊர் அது. 1847ஆம் ஆண்டில் சார்லட்டின் 'ஜேன் அயர்', எமிலியின் 'வுதரிங் ஹைட்ஸ்' ஆகிய நாவல்கள் வெளிவந்தபோது அவற்றின் அட்டையில் அச்சகோதரிகளின் பெயர்கள் இல்லை, புனைபெயர்களே இருந்தன. பெண் எழுதியது என்று தெரிந்தால் விமர்சகர்கள் வேறு அளவுகோலால் அளப்பார்களோ என்ற அச்சம்! இன்றோ, அவர்களுடைய தந்தை பாதிரியாராக இருந்தபோது குடும்பம் தங்கியிருந்த வீடு 1928 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. அங்கிருந்து புதர்க்காடும் புல்வெளியும் நிறைந்த மேட்டு நிலத்தில் நடந்தால், எமிலியின் நாவலோடு மக்கள் தொடர்புபடுத்தும் ஒரு பாழடைந்த பண்ணை வீட்டை அடையலாம். அவ்வொற்றையடிப் பாதையின் வழிகாட்டிப் பலகைகளில் ஜப்பானிய எழுத்தும் இருக்கின்றதாம். அத்தனை தூரத்திலிருந்து மக்கள் வருகின்றார்கள்!

இவையனைத்தையும் செல்பேசியில் மூச்சு விடாமல் சொல்லி முடித்தவள், "நன்னி, நம்ம ஊர்ப் பக்கம் இப்படிப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டுப் போற மாதிரி இடமே இல்லையா?" என்று கேட்டாள்.

முப்பத்தோர் ஆண்டுகள் தமிழ் கற்பித்தவளிடம் கேட்கக்கூடிய கேள்வியா இது? எனக்குச் சுருக்கென்றது. உடனே என் அத்தாவின் மரப்பெட்டி நினைவுக்கு வந்தது.

மர்ஹூம் அத்தா அவர்கள் சேலம் கடைவீதியில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கெழுதியவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. ஆயினும் மாதச் சம்பளத்தில் ஒரு புத்தகத்துக்கென்று சில அணாக்களை ஒதுக்கி வைப்பார். அப்படி அவர் வாங்கியவற்றுள் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை அவர்களின் தன்வரலாறான 'என் கதை'யும் ஒன்று. அட்டை போய், முதுகில் சாக்கு நூலால் தைக்கப்பட்டு, இன்றும் என்னிடம் இருக்கின்றது. அந்நூலின் தொடக்கப் பகுதியை மட்டும் அத்தா எங்களுக்குத் திரும்பத் திரும்பப் படித்துக் காட்டுவார். காரணம், கவிஞர் குழந்தையாக இருந்தபோது அவரைத் தூக்கி வளர்த்தவர் ஒரு முஸ்லிம் அம்மையார் என்பதுதான்.

காவல் துறையில் பணியாற்றிய ஒரு பிள்ளைமார் வீட்டுக் குழந்தை, ஒரு முஸ்லிம் பெண்ணின் இடுப்பில் வளர்ந்தது. அக்குழந்தைதான் பின்னாளில் சென்னை மாநிலத்தின் அரசவைக் கவிஞராக ஆனது. "அந்தப் பொம்பளையோட வீடு எங்க இருந்திருக்கும்னு ஒரு நாளு போயிப் பாக்கணும்" என்று அத்தா சொல்லிக்கொண்டே இருப்பார். கடைக்கு வெள்ளிக்கிழமை அரைநாள் விடுமுறை; வருடத்துக்கு இரண்டு பெருநாள். அவர் போகவே இல்லை.

ஆகவே, நாமக்கல்லுக்கும் கவிஞர் பிறந்த மோகனூருக்கும் செல்வதென்று முடிவு செய்தேன். தனியாகத்தான். மகன் வேலைக்குச் செல்கின்றவன்; மருமகளுக்குக் கைக்குழந்தை; எவரேனும் உடன் வந்தால் மணிக்கொரு முறை "கால் வலிக்குதா?" என்று கேட்டே நாளைக் கழித்துவிடுவார்கள்.

வீட்டில் புயல் வீசியது. குறிப்பாக என் அண்ணனிடமிருந்து. பேத்தி கடல் கடந்து படிக்கச் சென்றபோது விமான நிலையத்தில் நின்று கையசைத்தவர், நான் நாமக்கல்லுக்குப் போவதற்கு, "மஹ்ரம் இல்லாமல் பெண் பயணம் போகலாமா?" என்று கேட்டார். இது உரிய கேள்விதான்; நான் அதை எள்ளவில்லை. எங்கள் மஹல்லா இமாம் அவர்களிடமே சென்று கேட்டோம். ஹனஃபி மத்ஹபில் 'பயணம்' என்று கருதப்படும் தூரம் 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் என்றும், அதற்குட்பட்ட தூரத்துக்குப் பாதுகாப்பான வழியில் சென்று வருவதற்கு அந்தத் தடை பொருந்தாது என்றும் அவர் விளக்கினார். பகலிலேயே திரும்பிவிடுவது நல்லது என்றும் அறிவுரை சொன்னார். (ஷாஃபி மத்ஹபைச் சார்ந்த வாசகியர் தத்தம் ஆலிம்களிடம் விளக்கம் கேட்டுக்கொள்க.)

அண்ணன் விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் தூரத்தைக் கணக்கிடத் தொடங்கினார். சேலத்திலிருந்து நாமக்கல் ஏறத்தாழ 52 கிலோமீட்டர். அங்கிருந்து மோகனூர் இன்னும் 18. ஆக 70. "ஏழு கிலோமீட்டர் மிச்சம் இருக்குண்ணே" என்றேன். அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து சென்றுவிட்டார்.

மறுநாள் ஃபஜ்ர் தொழுது, எலுமிச்சைச் சோறும் இரண்டு அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, காலை ஆறரை மணிக்குப் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்தேன். நாமக்கல்லுக்கு முட்டையைக் கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதற்கு ஒப்பாகும் என்பது சீலநாயக்கன்பட்டியைத் தாண்டிய பின்னரே உறைத்தது.

வாசகர்களே, நம் சேலம்–நாமக்கல் சமவெளியை நீங்கள் நூறு முறை கடந்திருப்பீர்கள். நானும் கடந்திருக்கின்றேன். ஆனால் பிள்ளைகளுக்கு வாந்தி வராமல் பார்த்துக்கொள்வதிலும், பையை எண்ணுவதிலுமே அந்த வழி கழிந்துவிடும். தனியாகச் செல்கையில்தான் கண்கள் வெளியே செல்கின்றன. மல்லூரைக் கடந்தால் இருமருங்கும் மரவள்ளிக் காடு. கையை விரித்தாற்போன்ற இலைகள். இடையிடையே சோளம், நிலக்கடலை. வரப்போரங்களில் பனைகள் முன்பு வரிசையாக நின்றன. இப்போது பல இடங்களில் ஒன்றும் இரண்டுமாக நிற்கின்றன. நீண்ட கோழிப் பண்ணைக் கொட்டகைகள். களங்களில் வெண்மணலைப் போல் காயும் ஜவ்வரிசி. செம்மண்ணும் சுண்ணாம்புக் கல்லும் கலந்த, மழையை மட்டுமே நம்பிய மேட்டுநிலம் இது. பசுமை இருக்கும், செழிப்பு இராது.

இந்த மண்ணை எழுத்தில் பதித்தவர் ஒருவர் நம் காலத்திலேயே இருக்கின்றார். பெருமாள்முருகன் எழுதி 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'கூளமாதாரி' என்னும் நாவல், திருச்செங்கோட்டு வட்டாரத்து மேட்டுக்காடுகளில் பண்ணையத்துக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் சிறுவர்களின் கதை. அதைப் படித்த பிறகு, சாலையோரத்தில் ஆட்டு மந்தையின் பின்னால் ஒரு சிறுவன் நின்றால், அவன் காலையில் என்ன உண்டான் என்று எண்ணாமல் என்னால் கடந்துசெல்ல முடிவதில்லை.

ஆண்டகளூர் கேட்டைப் பேருந்து நெருங்கும்போது மேற்கே பார்த்துப் பெருமூச்சு விட்டேன். அத்திசையில், திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி 1925இல் தொடங்கிய காந்தி ஆசிரமம் இருக்கின்றது. ஊர்ப் பெருநிலக்கிழார் இரத்தினசபாபதிக் கவுண்டர் கொடுத்த நிலத்தில் அமைந்தது. சேலத்தில் வழக்கறிஞராகப் பொருளீட்டி, நகராட்சித் தலைவராகவும் இருந்தவர், அதையெல்லாம் விட்டு ஒரு வறண்ட கிராமத்துக் குடிலில் வந்து குடியேறினார். அங்கிருந்து 1929இல் 'விமோசனம்' என்னும் மதுவிலக்குப் பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்குத் துணையாசிரியராக உழைத்தவர், பின்னாளில் 'பொன்னியின் செல்வன்' எழுதிய கல்கி. மொத்தம் பத்து இதழ்களே வெளிவந்தன. ஆனால் அந்தப் பத்து இதழ்களின் பின்னே இருந்த பிடிவாதம் வீண்போகவில்லை. இராஜாஜி சென்னை மாகாண முதல்வரானபோது, 1937 அக்டோபர் 1ஆம் நாள் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். கள்ளுக்கடை மூடிய அந்த முதல் மாதத்தில், கணவன் சம்பளத்தை முழுதாக வீட்டுக்குக் கொண்டுவந்தான் என்று எத்தனை வீடுகளில் உலை கொதித்திருக்குமோ! இறங்கிப் பார்க்க ஆசைதான். ஆனால் அங்கே சுற்றிக்கொண்டு நாமக்கல் சென்றால் அண்ணனின் 77 உடைந்துவிடும். மிச்சமிருக்கும் ஏழு கிலோமீட்டரில் கல்கியைப் பார்க்க இயலாதே.

நாமக்கல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 1997 ஜனவரி முதல் நாளில். ஊருக்குள் நுழையும் முன்பே லாரிக் கூண்டு கட்டும் பட்டறைகளின் சுத்தியல் ஓசை கேட்கத் தொடங்கிவிடும். நகரின் நடுவே ஒரே பாறையாக எழுந்து நிற்கும் குன்று. அதன் தலையில் கோட்டை.

முதலில் கவிஞரின் நினைவில்லத்துக்குச் சென்றேன். அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசின் பராமரிப்பில் நூலகமாகவும் விளங்குகின்றது. இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மெச்சுகின்றேன். கயிறு கட்டி, 'தொடாதே' என்று எழுதி வைத்த நினைவில்லங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. இங்கோ, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கவிஞர் வாழ்ந்த வீட்டில் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுள் முக்காடிட்ட பெண் ஒருத்தியும் இருந்தாள். அரசியலமைப்புச் சட்டப் பாடம். நான் தலையசைத்தேன், அவளும் அசைத்தாள்.

கவிஞர் பிறந்தது 1888 அக்டோபர் 19. முதலில் ஓவியராகப் பெயர் பெற்றவர். எழுத்து பிறகு வந்தது. 1930 ஏப்ரலில் இராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஏறத்தாழ 150 மைல் நடந்து சென்ற உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் வழிநெடுகப் பாடிச் சென்றது இவருடைய பாட்டைத்தான். வாளும் குருதியும் இல்லாத ஒரு போரைப் பற்றிய அப்பாடல் உங்களுள் பலருக்கும் பள்ளியிலேயே மனனம் ஆகியிருக்கும். 1932இல் அவரும் ஓராண்டு சிறை சென்றார். விடுதலைக்குப் பின், 1949இல் அரசவைக் கவிஞரானார், 1971இல் பத்மபூஷண். 1972 ஆகஸ்ட் 24இல் மறைந்தார். சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்துமாடிக் கட்டடத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டுள்ளது. அவருடைய 'மலைக்கள்ளன்' நாவல் 1954இல் எம்.ஜி.ஆர். நடிக்கப் படமாகி, இந்தியிலும் சிங்களத்திலும் உட்பட ஆறு மொழிகளில் எடுக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் பெற்ற முதல் தமிழ்ப் படம் அதுவே.

இவ்வளவும் எனக்கு முன்பே தெரிந்தவை. வகுப்பில் பலமுறை கரும்பலகையில் எழுதியவை. நான் தேடி வந்தது வேறு. நாற்காலியில் அமர்ந்து அத்தாவின் புத்தகத்தைத் திறந்தேன். அந்த அம்மையாரைப் பற்றிய பக்கத்தில் பென்சிலால் அடிக்கோடு இட்டிருந்தது. ஓரத்தில் அத்தாவின் கையெழுத்தில், கணக்கெழுதும் மெலிந்த எண்களைப் போன்ற எழுத்தில், ஒரே சொல்: 'எங்கே?'

ஆம், எங்கே? நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு போலீஸ்காரர் குடும்பத்தின் அண்டை அயலை எங்கே தேடுவது? வெளியே வந்து, கோட்டை அடிவாரத்துத் தெருக்களில் நடந்தேன். இருவரிடம் கேட்டேன். ஒருவர் கவிஞரின் வீட்டுக்கே வழி காட்டினார். மற்றொருவர், "அந்தக் காலத்துல யாருங்க பொம்பளைங்க பேரையெல்லாம் எழுதி வச்சாங்க?" என்றார். இக்கவிஞர் எழுதி வைத்தார் ஐயா என்று சொல்ல நினைத்து, வெயிலுக்கு அஞ்சிப் பேசாமல் நகர்ந்தேன்.

ஒரு வீட்டுத் திண்ணையில் வயதான அம்மையார் ஒருவர் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஸலாம் சொன்னேன். தண்ணீர் கொடுத்து, உள்ளே அழைத்தார். லுஹர் நேரம் நெருங்கியிருந்ததால் அவர் வீட்டிலேயே தொழுதுகொண்டேன். 77 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரமாதலால் சுருக்கித் தொழும் சலுகை எனக்கில்லை. நான்கு ரக்அத்தும் முழுமையாகவே தொழுதேன். அண்ணனின் கணக்கு இப்படியும் கறாராக நடந்துகொண்டது.

கட்டுச்சோற்றை இருவரும் பகிர்ந்துகொள்ளும்போது நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவர் வியப்படையவில்லை. கீரைக் காம்பை ஒடித்தவாறே, "இதுல என்னம்மா இருக்கு? நானே ஒருத்தன வளத்தவதான்" என்றார்.

பக்கத்து வீட்டில் ஒரு கவுண்டர் குடும்பம் குடியிருந்ததாம். அந்த வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாளில் காய்ச்சல் கண்டு, நெடுநாள் ஆஸ்பத்திரியில் கிடக்க நேர்ந்தது. இவருக்கு அப்போது மூன்றாவது மகள் கைக்குழந்தை. "ரெண்டு பக்கமும் ரெண்டு. எதுக்கு எதுன்னு அழுகையே அடையாளம் தெரியாது." நான்கு மாதம் அப்படிச் சென்றது. அத்தாய் பிழைத்து வந்தார். பிள்ளையும் வளர்ந்தான். இப்போது லாரி ஓட்டுகின்றான். நாக்பூர், குவாஹாத்தி என்று மாதக்கணக்கில் வெளியே இருப்பான். நோன்புப் பெருநாள் காலையில் எங்கிருந்தாலும் பேசிவிடுவான். "அவன் செல்லுல என் பேர என்னன்னு போட்டிருக்கான் தெரியுமா? 'பாய் அம்மா'. என் பேரு அவனுக்குத் தெரியுமான்னே எனக்குச் சந்தேகம்." சொல்லிவிட்டுக் குலுங்கிச் சிரித்தார். அந்த மூன்றாவது மகள் இப்போது எங்கே என்று கேட்டேன். ஈரோட்டில் இருக்கின்றாளாம். பால்குடிச் சகோதரன் என்பதால் அவள் அவன் முன்னே முக்காட்டை இழுத்து விடுவதில்லை. அதைப் பார்த்து அவள் மாமியார் முதலில் முகம் சுளித்து, பிறகு விவரம் கேட்டு ஒத்துக்கொண்டார்களாம்.

அவருடைய பெயரை நான் கேட்டுக்கொண்டேன். இங்கே எழுதவில்லை, அவர் விரும்பவில்லை.

பிற்பகலில் குன்றின் மீது ஏறினேன். பாறையிலேயே வெட்டிய படிகள். ஏறத்தாழ 200 அடி உயரம்தான். ஆயினும் ஐந்து இடங்களில் அமர்ந்தேன். குன்றின் இருபுறமும் பாறையைக் குடைந்த, ஆயிரத்து இருநூறு ஆண்டுப் பழைமையுடைய வைணவக் குகைக் கோயில்கள் உள்ளன. மேலே உள்ள கோட்டையை 1768இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர்; அவ்வாண்டின் இறுதியிலேயே ஹைதர் அலியின் படை அதை மீட்டுக்கொண்டது. இத்தனை சிறிய பாறைக்கு இவ்வளவு போட்டியா என்று தோன்றும். மதிலோரம் நின்று பார்த்தால் விடை கிடைக்கும். நாலாபுறமும் சமவெளி தட்டில் வைத்ததுபோல் தெரிகின்றது. எந்தச் சாலையில் எவர் வந்தாலும் மறைய இயலாது.

கிழக்கே நீலமாகக் கொல்லிமலை. சங்ககாலத்தில் வல்வில் ஓரி ஆண்ட மலை. வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டை உயர்வகுப்புகளில் எத்தனையோ முறை நடத்தியிருக்கின்றேன். ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மான், பன்றி, உடும்பு என்று ஊடுருவிச் சென்ற கதையைத்தான் மாணவர்கள் விரும்புவார்கள்; ஓரிக்கு வாய் பிளப்பார்கள். எனக்கு அன்று குன்றின் மேல் நினைவுக்கு வந்தது அப்பாட்டின் பின்பகுதி. காட்டில் எதிர்ப்பட்ட வேடன் ஒருவன், பாணர்களுக்கு இறைச்சியும் பொன்னும் மணியும் கொடுக்கின்றான். இவன் ஓரியோ, அல்லனோ என்று ஐயுற்று அவர்கள் பாடுகின்றார்கள். பாட்டில் தன் பெயரைக் கேட்டதும் அவனோ நாணுகின்றான். பாணர்களாகவே அவன்தான் ஓரி என்று உணர்ந்துகொள்கின்றார்கள். முப்பத்தோர் ஆண்டுகளில் ஒரு முறையேனும் இந்தப் பகுதியில் நான் நின்று பேசியிருக்கலாம். தேர்வில் அம்பைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று வேகமாகக் கடந்துவிட்டேன்.

மோகனூருக்குச் செல்லும் பேருந்தில் கூட்டம். கரும்புக் காடுகள் தொடங்கியதும் காற்றின் குணமே மாறிவிட்டது. இங்கேதான் மேட்டுநிலம் முடிந்து காவிரிப் பாசனம் தொடங்குகின்றது. வறண்ட பாதியும் வளமான பாதியும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும் மாவட்டம் இது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்கு அமைந்ததற்கும் இந்தக் கரும்புதான் காரணம். ஊரில் இறங்கி, ஆற்றங்கரைக்கு வழி கேட்டேன். கேட்க வேண்டியதே இல்லை. எல்லாத் தெருவும் அங்கேதான் இறங்குகின்றன.

காவிரி அகன்று கிடந்தது. நடுவே மணல் திட்டுகள், அவற்றினிடையே நூலாக ஓடும் நீர். எதிர்க்கரை கரூர் மாவட்டம். முன்பு பரிசலில் கடந்தார்களாம். இப்போது பாலம் உண்டு. 2013இல் திறக்கப்பட்ட சேலம்–கரூர் ரயில் பாதையும் இவ்வூர் வழியாகத்தான் ஆற்றைக் கடக்கின்றது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தங்கள் பேச்சைத் தொடர்ந்தார்கள். தனியே வந்த கிழவியைப் பற்றி அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான், எவரேனும் ஏன் வந்தாய் என்று கேட்டுவிடுவார்களோ என்று காலையிலிருந்து ஒரு பதில் நாக்கில் தயாராக இருந்தது. ஒருவரும் கேட்கவில்லை.

ஆற்றிலேயே ஒளூ செய்து, கரையில் துண்டை விரித்து அஸர் தொழுதேன். அதன் பின் அரை மணி நேரம் ஒன்றும் செய்யாமல் அமர்ந்திருந்தேன். வாசகியரே, நீங்கள் கடைசியாக ஒன்றும் செய்யாமல் அரை மணி நேரம் அமர்ந்தது எப்போது? எனக்கு நினைவில்லை. பிள்ளைகள், பள்ளிக்கூடம், விடைத்தாள், அவர்களுடைய நோய், அதன் பின் இத்தாக் காலம். அந்த நான்கு மாதம் பத்து நாளிலும்கூட வீடு நிறைய ஆட்கள்.

அத்தாவின் புத்தகத்தில் மறுபடியும் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். 'எங்கே?' என்ற சொல்லுக்கு அடியில், என் பேனாவால் அன்றைய தேதியை எழுதி, 'நாமக்கல், மோகனூர், இரண்டும் பார்த்தேன். வீடு தெரியவில்லை' என்று குறித்தேன். கணக்கெழுதியவரின் மகள், வரவு இல்லாவிட்டாலும் பதிவு இருக்க வேண்டும்.

திரும்பும் பேருந்து நாமக்கல்லில் மாறி ஏறியதும் இருட்டிவிட்டது. பகலிலேயே திரும்பிவிடுவேன் என்று இமாம் அவர்களிடம் சொன்னது தவறிப்போனதில் எனக்கு வருத்தமே. படிக்கட்டில் ஐந்து இடங்களில் அமர்ந்ததன் விளைவு. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் இறங்கும்போது இஷா பாங்கு சொல்லியாகிவிட்டது. நடைமேடையின் தூணோரம் அண்ணன் நின்றிருந்தார். ஆறு மணிக்கே வந்துவிட்டாராம். கையில் ஒரு டீத் தம்ளர், ஆறிப்போய்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் பையை வாங்கிக்கொண்டு, சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு, "அத்தா சொல்லுவாரே, அந்தப் பொம்பள. அவங்க வீடு கண்டுபிடிச்சியா?" என்றார்.

"இல்லண்ணே."

"பேரு என்ன? எனக்கு மறந்துபோச்சு."

வாசகர்களே, அப்பெயரை நான் உங்களுக்கும் இங்கே சொல்லப்போவதில்லை. நூலகத்துக்குச் சென்று 'என் கதை'யைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். இந்தப் பகுதியை எழுதியதற்கு எனக்கு நீங்கள் தரும் கூலி அதுவாகவே இருக்கட்டும். அண்ணனிடமும் நான் வாயால் சொல்லவில்லை. பையைத் திறந்து, அந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் நகரப் பேருந்து வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், நடத்துநர் விசில் ஊதினார். அவர் விளக்குக் கம்பத்தின் கீழ் நின்று, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அத்தாவின் பென்சில் கோட்டின் மீது விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். அடுத்த பேருந்துக்கு இருபது நிமிடம் ஆயிற்று.